போயிட்டார்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, ஒரு வாசலைக் காட்டுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போனில் "உங்கப்பா போயிட்டார்" என்றாள். வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்பதைத்தான் சொன்னாள். மகனோ அப்பா செத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டான். இப்போது தையல்காரரான அந்த அப்பா மருந்துப் பையோடு வாசலில் நிற்கிறார். மகனும் மருமகளும் அவருடைய கட்டிலை வெளியே தூக்கி வருகிறார்கள். கட்டில் கிடந்த மூலையில் ஜன்னல் வெயில் விழுகிறது. அங்கே தரையில் புது ஃப்ரிட்ஜுக்கு, அவர் துணியில் கோடு போடும் சாக்கட்டியாலேயே அளவு போட்டிருக்கிறார்கள். கிழவர் சிரிக்கிறார். "யாருடா செத்தது, இவ்வளவு அவசரமா?" மருமகள் கட்டிலை இறக்கவில்லை. "வழியில நிக்காதீங்க மாமா, கை வலிக்குது." அவர் ஒதுங்குகிறார். கட்டில் அவரை உரசிக்கொண்டு தெருவுக்குப் போகிறது. துக்கம் விசாரிக்க மகனின் போன் அடிக்கிறது. "ஆமா சித்தப்பா," என்கிறான். இப்போதுதான் அவன் முகம் வாடுகிறது. "அப்பா வந்துட்டார்." உங்கள் வீட்டுக்கு யார் திரும்பி வந்தாலும் உள்ளே ஒரு முகமாவது மலரட்டும், நல்லா இருங்க.