குவியலிலை கிடந்த கதவு

மானம் போச்சு. அத்தனை வெள்ளைக்காரரும் பாத்துக்கொண்டு நிக்க, கலைமாறன் விறகுக் குவியலிலை ஏறி ஒரு பழைய கதவைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நிண்டான்.

பிரான்சிலை லு ஆவ்ர் கடற்கரையிலை சென் ஜோன் திருநாள். ஆனி மாசத்திலை கடலோரமா விறகு குவிச்சுக் கொளுத்துவினம், எங்கடை சொக்கப்பனை மாதிரித்தான். ஆர் ஆகக் கூட விறகு குடுக்கினமோ, அவையே கொளுத்தலாம் எண்டது அந்தத் தெருச் சனத்தின்ரை வழக்கம்.

பாலச்சந்திரன் அண்ணையின்ரை மச்சாள் வீடு அந்தத் தெருவிலைதான். போன வரியம் ஆரோ ஒரு மீன்காரன் முந்திப்போட்டான் எண்ட கொதி அவருக்கு. இந்தமுறை விடக்கூடாதெண்டு, பாரிஸ் லா சப்பலிலை இருக்கிற தன்ரை பலசரக்குக் கடையை மேலும் கீழுமா வழிச்சுத் துடைச்சு, மரக்கறிப் பெட்டி, உடைஞ்ச றாக்கை எண்டு காலமையே ஒரு வான் நிறைய ஏத்தி அனுப்பிப்போட்டார். பக்கத்துக் கடைக்காரன் எண்ட பாவத்துக்கு, பின்னேரம் என்னையும் காரிலை ஏத்தினார். காலமை சந்தைக்குப் போட்டு வந்த கலைமாறனையும், பெடியன் கடல் பாக்கட்டும் எண்டு கூட்டிக்கொண்டு வந்தார்.

கலைமாறன் அவற்றை கடையிலை வேலை செய்யிற வன்னிப் பெடியன். வந்து ஒரு வரியமும் ஆகேல்லை. விசா கிடைக்கேல்லை, பிரெஞ்சும் தெரியாது. "கடைக்குக் கீழை நிலவறையிலை நான்தான் அவனுக்கு இருக்க இடம் குடுத்து வைச்சிருக்கிறன்" எண்டு அண்ணை சொல்லிக் கேக்காத ஆள் லா சப்பலிலை இல்லை.

கொளுத்திற நேரம் வந்துது. ஒழுங்கு செய்யிற மரி-லூயிஸ் அம்மா மைக்கிலை அண்ணையின்ரை பேரைச் சொன்னா. சனம் கை தட்டிச்சுது. அண்ணை சேட்டுக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு பந்தத்தை வாங்கப் போனார். அந்த நேரம் பாத்துத்தான் இவன் ஏறினான்.

"நன்றி கெட்டதுகள்" எண்டு அண்ணையின்ரை மனுசி சாரதாதேவி பல்லைக் கடிச்சா. "இருக்க இடம், தின்னச் சோறு. அதுக்கு இதுதான் மரியாதையோ?"

எனக்கும் விசர் வந்துது. உக்கின கதவொண்டுக்கு மல்லுக்கட்ட என்ன கிடக்கு? கிட்டப் போய், இறங்கடா தம்பி எண்டு கையைப் பிடிச்சன்.

அவன் கதவை விடேல்லை. என்னைப் பாக்கவும் இல்லை, அண்ணையைத்தான் பாத்தான்.

"அண்ணை, கடைக்குக் கீழை தண்ணி கசியிற சீமெந்து. இந்தக் கதவுக்கு மேலைதானே நான் படுக்கிறனான். இதை எரிச்சா எங்கை படுக்கிறது?"

என்ரை கை தானா விட்டிட்டுது. உந்த மனுசன் இடம் குடுத்த லட்சணம் இதுதானோ எண்டு கேக்க வாய் திறந்தன். அதுக்குள்ளை மரி-லூயிஸ் அம்மா, பெடியன் என்ன சொல்றான் எண்டு கேட்டா.

அண்ணையின்ரை முகத்திலை சிரிப்பு மாறேல்லை. பிரெஞ்சிலை சொன்னார்:

"பாவம், தன்ரை கையாலை கொளுத்த ஆசைப்படுறான். அவனே கொளுத்தட்டும்."

மரி-லூயிஸ் அம்மாவுக்குக் கண் கலங்கிப்போச்சுது. இப்பிடியும் ஒரு முதலாளியோ எண்டு அவற்றை தோளைத் தட்டிப்போட்டு, பந்தத்தைக் கொண்டுபோய்க் கலைமாறன்ரை கையிலை குடுத்தா. சனம் முந்தினதிலும் பலமாத் தட்டிச்சுது.

அண்ணை அவனுக்குக் கிட்டக் குனிஞ்சு, தமிழிலை மெல்லமாச் சொன்னார்:

"கொளுத்தடா. இப்ப கோடைதானே, குளிருக்குப் பாப்பம்."