உளுந்து ரோட்டில் சிவப்பு வண்டி

ஸ்டியரிங்கை ஒரு தடவை, கியரை ஒரு தடவை, கதவுப் பிடியை இரண்டு தடவை. ஜெக்கரியா கைக்குட்டையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். மகனின் கைரேகை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

பூதலூர் போகிற கிளை ரோட்டில், மதகுச் சுவரில் மூக்கை முட்டி நின்றது அவருடைய சிவப்பு கார். பம்பர் முழுக்க உளுந்துச் செடி. பின்னால் ரோட்டில், விவசாயி முருகையன் நெடுக்கப் பரப்பியிருந்த உளுந்து சக்கரத்தில் நசுங்கிக் கிடந்தது.

"அத்தா, நான் ஓட்டல." ஆறடி ஃபஹத் வாய்க்கால் கரையில் நின்று நெளிந்தான்.

"பின்ன வண்டி தானா நடந்து வந்துச்சா? பதினேழு வயசுல பேச்சைப் பாரு!"

"மெக்கானிக் வந்துக்கிட்டு இருக்காரு அத்தா..."

"ஓஹோ! மெக்கானிக் வரைக்கும் சொல்லியாச்சா?"

அரை மணி முன்புதான் ரைஸ்மில்காரர் போன் செய்திருந்தார். "பாய், உங்க செவப்பு வண்டி மூணு நாளா மதியத்துல இங்க பறக்குது. இன்னைக்கு மதகுல முட்டிருச்சு. முருகையன் செடி புரட்டுற கவைக்கோலும் கையுமா, ஓட்டுன ஆளைத் தேடிக்கிட்டு அலையுறான்."

மதியத்தில். அதாவது ஜெக்கரியா சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் நேரத்தில். புள்ளையைப் பார்த்துக்கொள்ளும் லட்சணமா இது என்று மனைவி ஹாஃபிஸாவிடம் கேட்கலாமென்றால் அவள் போனை எடுக்கவில்லை. தையல் கிளாஸில் இருப்பாள். ஒரு மாதமாக மதியத்தில் அங்கேதான் இருக்கிறாள்.

பத்து நாளில் அவர் தோஹாவுக்குத் திரும்ப வேண்டும். கேஸ் விழுந்தால் பயணம் போச்சு. பயணம் போனால் வேலையும் போச்சு.

புல்லட் சத்தம் கேட்டது.

"போலீசு! ஓடுடா, அந்தப் புளியமரத்துக்குப் பின்னால நில்லு!" மகனைத் தள்ளிவிட்டு டிரைவர் சீட்டில் பாய்ந்து உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் 'ணங்'கென்று இடித்தன. சீட்டைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியல, இவனுக்கெல்லாம் வண்டி ஒரு கேடு என்று முனகிக்கொண்டார்.

எஸ்.ஐ. இளஞ்செழியன் ஜன்னல் பக்கம் குனிந்தார். "யாரு ஓட்டுனது?"

"நான்தான் சார்."

"எப்படி முட்டுச்சு?"

"ஆடு குறுக்க வந்துருச்சு சார்."

"மூணு நாளாவா? பஸ் டிரைவருங்க தினமும் ஸ்டேஷனுக்குப் போன் போடுறாங்களே." எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். "புளியமரத்துக்குப் பின்னால நிக்குதே, அதுதான் அந்த ஆடா?"

ஃபஹத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"தம்பி, வயசென்ன?"

"பதினேழு சார்."

"பாய், தெரியும்ல? பதினெட்டு ஆகாத புள்ள வண்டி ஓட்டுனா நாங்க கேட்கிறது புள்ளைய இல்ல. சாவி கொடுத்த அப்பனைத்தான். மூணு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம்."

 போன லீவில், அறுவடை முடிந்த வயலில் இதே சாவியை மகன் கையில் வைத்தது ஜெக்கரியாதான். அதை வீடியோ எடுத்து, 'புலிக்குட்டி ரெடி' என்று ஸ்டேட்டஸ் போட்டதும் அவர்தான்.

காரை விட்டு மெல்ல இறங்கினார்.

"சார், ஆடு பொய். ஓட்டுனது இவன்தான். ஆனா ஓட்டிப் பாருடான்னு ஆசை காட்டுனது நான். பயணம் போனாலும் போகட்டும், என் பேரை எழுதிக்குங்க."

"அத்தா!" ஃபஹத் முன்னால் வந்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கவைக்கோலும் கையுமாக முருகையன் மூச்சு வாங்க ஓடிவந்துவிட்டார்.

ஜெக்கரியா மகனுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார். "முருகையா, அடிக்கிறதுன்னா என்னை அடி!"

"உங்களை எதுக்குப் பாய் அடிக்கிறேன்? வண்டி ஓட்டுனவங்க எங்க?"

"தப்புதான்னு ஒத்துக்கிட்டோமேப்பா. உன் உளுந்தையெல்லாம் நசுக்கி..."

"நசுக்கத்தானே பாய் ரோட்டுல போட்டேன்!" முருகையன் கவைக்கோலை ஊன்றிச் சிரித்தார். "டிராக்டர் கிடைக்கல. பஸ்ஸாவது ஏறி மிதிக்கட்டும்னா ஒரு நாளைக்கு நாலு பஸ்தான் வருது. இந்த வண்டி முன்னால போயி, பின்னால வந்து, மூணே மதியத்துல மொத்தச் செடியையும் அடிச்சுக் கொடுத்துருச்சு. உடையாத நெத்து ஒண்ணு காட்டுங்க பாப்போம்!"

ஜெக்கரியாவின் விரித்த கைகள் அப்படியே நின்றன.

"என்ன, வேகந்தான் கொஞ்சம் ஜாஸ்தி. மெதுவாப் போங்கன்னு கத்துனேன். லைசென்ஸ் வந்து நாலு நாள் ஆச்சு, இன்னும் என்ன மெதுவான்னு பதில் வருது."

எஸ்.ஐ.யின் பேனா நின்றது. "லைசென்ஸா? பதினேழு வயசுலயா?"

ஃபஹத் அவசரமாக வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தம்பியா? தம்பி இப்பத்தான் வண்டிக்குக் காவலா வந்து நிக்குது சார்," என்ற முருகையன், ஜெக்கரியாவின் பக்கம் திரும்பினார்.

"பாய், ஹாஃபிஸா அக்காவை நாளைக்கும் வரச் சொல்லுங்க, பச்சைப்பயறு இன்னும் பாக்கி கிடக்கு!"