மாமனாருக்குத் துணை

ஆண்டிச்சாமி காலை அகட்டி அகட்டி நடந்து வந்து, விருதுநகர் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு பக்கமாக மெல்ல உட்கார்ந்தார். உட்காரும்போது "யப்பா" என்று ஒரு முனகல் வேறு.

மருமகன் புகழேந்தி கையைத் தாங்கிப் பிடித்தான். பாவமாகத்தான் இருந்தது. சொல்லக்கூடாது, உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது.

பின்னே? அச்சங்குளத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்த மனுஷன். இப்போது யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விரைவீக்கம். உள்ளே தண்ணீர் கோத்துக்கொண்டதாம். பொன்மணிதான் புருஷனிடம் வந்து கண்ணைக் கசக்கினாள். அப்பா டாக்டரிடம் போகவே கூச்சப்படுகிறாராம், ஆம்பளைத் துணை இருந்தால் போவாராம், நான் டோக்கன் போட்டுவிடுகிறேன், நீங்கள் கூடப் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

பொண்டாட்டி எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிற புகழேந்தி, இதற்கு மட்டும் உடனே தலையை ஆட்டினான். பஸ் ஏறும்போது அவன் நடையைப் பார்க்கவேண்டுமே, அப்படி ஒரு மிதப்பு!

"கூச்சப்படாதீக மாமா. இதெல்லாம் சாதாரணம். சின்ன ஆபரேஷன், தண்ணிய எடுத்து விட்டுருவாக. இதால புள்ள பெக்கறதுக்குக்கூடப் பெரும்பாலும் தடையில்லயாம்."

"எப்படி மாப்ள இம்புட்டு வெவரம் தெரிஞ்சு வச்சிருக்கீக?"

"போன்லதான் எல்லாம் வருதே மாமா."

வரத்தான் செய்தது. ஆனால் அவன் தேடியது தண்ணீர் கோப்பதைப் பற்றி இல்லை.

வெடி கம்பெனியில் நாள் முழுக்க நின்று பெட்டி ஏற்றுகிற வேலை அவனுக்கு. சாயங்காலமானால் இடது விரை கனத்து இழுக்கும். தொட்டுப் பார்த்தால் தோலுக்கடியில் நரம்பெல்லாம் புழுக்கூட்டம்போல நெளியும். கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்த்தான். நரம்புச் சுருட்டாம். எத்தனையோ ஆண்களுக்கு இருக்குமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். சிலருக்கு மட்டும் விந்தணுவைக் குறைத்துவிடுமாம், அதையும் பெரும்பாலும் சரி செய்துவிடலாமாம்.

அந்த 'சிலருக்கு மட்டும்' என்ற இடத்திலேயே போனை அணைத்துவிட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தையில்லை. பொன்மணியைச் சோதித்த லேடி டாக்டர், உன்னிடம் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரரைக் கூட்டி வாம்மா என்று சொல்லியனுப்பினார். அதை வந்து சொன்ன அன்று சோற்றுத்தட்டு சுவரில் போய் விழுந்தது. அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை.

அவன் அம்மா இருளம்மாள் திறந்தாள். தீபாவளி லோடு முடிந்ததும் இவளை அத்துவிட்டுவிட்டு வேறு பெண் பார்க்க வேண்டும் என்றாள். மாமனாரின் வீக்கம் காதில் விழுந்ததும் அவளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"அப்பனுக்கே அங்கன கோளாறு. பெறகு மக எங்கிட்டுப் புள்ள பெறுவா?"

அவர்கள் ஊரான எம். புதுப்பட்டியில் தெருவே சிரித்தது. புகழேந்தி அம்மாவிடம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பொன்மணி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"புகழேந்தி!"

"கூட வந்தது நானும்மா. பாக்க வேண்டியது இவருக்கு, ஆண்டிச்சாமி."

"அப்படி ஒரு பேரே இங்க இல்லயே. புகழேந்தி, எம். புதுப்பட்டி. நீங்கதான?"

புகழேந்தி திரும்பிப் பார்த்தான்.

ஆண்டிச்சாமி எழுந்து நின்றார். முனகலைக் காணோம். இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு நேராக நின்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள. உங்கள இங்கன கூட்டியார வேற வழி தெரியலன்னு மக அழுதா. நடிச்சேன். கோவம்னா என்னைய நாலு வார்த்த வையிங்க. அவள அத்துவிடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ உள்ள போயிட்டு வந்துருங்க."

புகழேந்திக்குச் சுள்ளென்று ஏறியது. அப்பனும் மகளும் சேர்ந்து என்ன வேலை பார்த்திருக்கிறார்கள்! வாசல் பக்கத்திலேயே இருந்தது. விறுவிறுவென்று வெளியே போய் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.

கால் நகரவில்லை. அந்த மீசையைப் பார்த்தான். இல்லாத நோயை இருக்கிறதென்று சொல்லி, ஊர் சிரிக்கச் சிரிக்க நடந்து வந்திருக்கிறார் மனுஷன். அவனும்தானே சிரித்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன் அடித்தது. அம்மா. அவள் பேசினால் போனே வேண்டாம், வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஏலே, டாக்டர் என்ன சொன்னாக? வீக்கம் எம்புட்டு இருக்காம் அந்த மனுசனுக்கு?"

ஆண்டிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் அந்த வீக்கத்தைச் சுமக்க அவர் தயாராகத்தான் இருந்தார்.

"அவருக்கு ஒண்ணுமில்லம்மா," என்றான் புகழேந்தி. "வீக்கம் எனக்குத்தான். ரொம்ப நாளா இருக்கு. எனக்குத் தெரியும்."



போனை மாமனார் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.