அந்து விழுந்த ஜோடி ஸ்வெட்டர்

“ஒண்ணு விடாம உள்ள தள்ளிக் கதவை மூடு. ஒரு வாரத்துல குஞ்சு குளுவானோட எல்லாம் விறைச்சுச் செத்துடும்,” என்றார் டிரைவர். குரலில் ஈவு இரக்கமே இல்லை.

அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கடைசி மூட்டையை ஃப்ரீஸருக்குள் திணித்து முழங்காலால் கதவை அழுத்தினாள். மூட்டைக்குள் இருந்தது உல்லன் நூல். பாலித்தீன் பைகளில் இறுக்கிக் கட்டிய சிவப்பு, நீல, சாம்பல் நிற உருண்டைகள்.

காலையில் டிரைவர் பின்னல் ஊசியோடு உட்கார்ந்தபோது சிவப்பு நூல் இழுத்த இடத்திலெல்லாம் பொட்டுப் பொட்டென்று அறுந்தது. இழுப்பறையைத் திறந்தால் மணல் மாதிரித் தூள், நெளியும் வெள்ளைப் புழு, மூக்கு நுனியை உரசிப் பறந்த ஒரு பூச்சி. “போச்சு, அந்து விழுந்துடுச்சு,” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். “நீ போய்ப் பை வாங்கிட்டு வா. வீட்டை நான் பார்த்துக்கறேன்.”

டாக்டர் மிரட்டி சிகரெட்டை விடச் சொன்ன நாளிலிருந்து அவர் பின்னுகிறார். விரல் சும்மா இருந்தால் சிகரெட்டைத் தேடுமாம். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் ஸ்டியரிங் மேல் ஊசியை வைத்துப் பின்னிப் பின்னி, வீட்டில் டி.வி. ரிமோட்டுக்குக் குல்லா, தண்ணீர் பாட்டிலுக்குப் பாவாடை, ஸ்கூட்டர் சீட்டுக்குக் கம்பளி என்று ஆகிவிட்டது.

டீச்சர் அத்தனையையும் வாயாரப் புகழ்ந்தாள். அந்த வாய்தான் வினையை இழுத்துவந்தது. “நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்,” என்று ஒருநாள் பேச்சுவாக்கில் உளறிவைத்தாள்.

மனுஷர் அதைப் பிடித்துக்கொண்டார். “உனக்குக் கம்பளி பட்டா கழுத்தெல்லாம் தடிச்சுப்போகுமே,” என்று கடை கடையாக ஏறி இறங்கி, உறுத்தாத நூலாகத் தேடி வாங்கி இரண்டு பின்னி முடித்தார். கிளிப்பச்சை உடம்பு, மஞ்சள் கை. நெஞ்சில் ஒரு பஸ். பஸ் என்று அவர் சொன்னதால் தெரிந்தது, சொல்லாவிட்டால் எருமை.

“நீ ஆசைப்பட்டியேன்னுதான்,” என்றபடி தன்னுடையதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். உடனே கழற்றியும் வைத்துவிட்டார். “அழுக்காயிடும். அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போட்டுக்கலாம்.”

இன்று சாயங்காலம்தான் அந்த விசேஷம், அக்காவின் கல்யாண நாள். குடும்பமே நின்று போட்டோ எடுக்கும். அத்தான் வாயில் விழுந்தால் ஆயுசுக்கும் எருமை ஜோடிதான். வேண்டாமென்று சொல்லலாம் என்றால், மனசொடிந்து ஊசியை வீசிவிட்டு மனுஷர் நேராகப் பெட்டிக்கடையில் போய் நிற்பார். அவர் நெஞ்சு இன்னொரு சிகரெட்டைத் தாங்காது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது அந்து. பை வாங்கித் திரும்பிய டீச்சர், அவர் மொட்டைமாடியில் இழுப்பறையைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அலமாரியில் இருந்த தன் ஸ்வெட்டரை எடுத்து நகம் வெட்டும் கத்தரியால் அங்கங்கே நறுக்கினாள். மேல் தட்டில் அவருடையது மடித்தபடி இருந்தது. அதில் கை வைக்க மனசு வரவில்லை. ஆசையாகப் பின்னினார், அவராவது போட்டுக்கொள்ளட்டும்.

இப்போது ஃப்ரீஸர் கதவு ஒருவழியாக மூடிக்கொண்டது. டீச்சர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, “ஏங்க, அந்த ஸ்வெட்டரையும் ஒரு தடவை பார்த்துடலாமா?” என்றாள்.

“அட, நானும் அதையேதான் சொல்ல வந்தேன்,” என்று அவர் இரண்டையும் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார்.

அவளுடையதில் பஸ்ஸின் சக்கரம் கழன்று தொங்கியது. “ஐயையோ, இதையும் தின்னுடுச்சே,” என்று டீச்சர் ஒத்திகை பார்த்த துக்கத்தோடு சொன்னாள். அடுத்ததைப் பார்த்ததும் நிஜமாகவே வாயைப் பிளந்தாள். அவருடையதில் முதுகே இல்லை. ஒரு தலையணையை நுழைத்து எடுக்கலாம்.

அந்து தன் கட்சியில் சேர்ந்துவிட்டதே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பூச்சி கையில் கிடைத்தால் முத்தமே கொடுத்திருப்பாள்.

டிரைவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டீச்சருக்குச் சந்தோஷமெல்லாம் இறங்கிப்போயிற்று. “அழாதீங்க. வேற பின்னிக்கலாம். பெட்டிக்கடைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

அவர் கையை எடுத்தார். மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் மூச்சு முட்டிக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“இது பருத்தி நூல்மா. அந்து கம்பளியைத்தான் தின்னும். இதை மோந்துகூடப் பார்க்காது.”

டீச்சருக்குக் காது வரைக்கும் சிவந்தது. கத்தரியை நைட்டிப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். “என்னோடதை மட்டும்தாங்க வெட்டினேன். சத்தியமா உங்களோடதைத் தொடவே இல்லை.”

“தெரியும்,” என்றார் டிரைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அதை வெட்டினது நான்.”