ஐந்து நட்சத்திரமும் ஒரு சிமெண்ட் கட்டியும்

நைஜீரியாவின் பெனின் நகரத்துக்கு மின்சாரம் விருந்தாளி மாதிரி வரும். உட்காராமலே போய்விடும். அதனால் வாஷிங் மிஷின் வாங்கப் போன இசோக்கென் நிறம், அழகு எதையும் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் வீட்டுச் சின்ன ஜெனரேட்டர் இதைத் தாங்குமா?"

"ஜெனரேட்டர் எதுக்கு? டார்ச் பேட்டரியே போதும்க்கா!" என்றான் கடைக்காரன் ஓபியோரா. மிஷின் நெற்றியில் மின்னிய நட்சத்திரங்களைத் தடவிக் காட்டினான். "அஞ்சு ஸ்டார். கரண்டை மோந்துதான் பார்க்கும், குடிக்காது."

நாலு பையன்களின் பள்ளிச் சட்டைகளைக் கசக்கிக் கசக்கி விரல் புண்ணாகிப் போனவள் இசோக்கென். இரண்டு வருடச் சீட்டுப் பணத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். "எவன்கிட்டயாவது ஏமாந்துட்டுதான் வருவ" என்று கணவன் முன்கூட்டியே ஆசீர்வதித்து அனுப்பியிருந்தான்.

மறுநாள் காலை முதல் சலவை. பட்டனை அழுத்தியதும் ஜெனரேட்டர் இருமியது, புகைந்தது, அடங்கிவிட்டது. கணவன் சிரித்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தம்பி எஃபோசா ஸ்குரூ டிரைவரோடு வந்து சேர்ந்தான். ஓட்டுவது டாக்ஸி என்றாலும், உலகத்தில் அவனுக்குத் தெரியாத மிஷின் கிடையாது. மேல் மூடியைக் கழற்றியவன், "அக்கா! இந்த அநியாயத்தை வந்து பாரு!" என்று கத்தினான்.

உள்ளே தலையணை அளவுக்கு ஒரு சிமெண்ட் கட்டி. போல்ட் போட்டு இறுக்கியிருந்தது.

"வெயிட்டு காட்டறதுக்காகச் சிமெண்டை வச்சிருக்கான்! இந்தப் பாரத்தை இழுத்தா ஜெனரேட்டர் சாகாம என்ன செய்யும்?"

ஒரு மணி நேரத்தில் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நடுவில் மூடியில்லாத மிஷின், பக்கத்தில் போலீஸ் சார்ஜென்ட் டன்லாடி. இசோக்கென் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் என்ன வீடு கட்டவாடா கேட்டேன்? துணி துவைக்கத்தானே கேட்டேன்!"

சார்ஜென்ட் குனிந்து பார்த்தார். "முப்பது வருஷமா திருடனுங்களைப் பார்த்துட்டிருக்கேன். இவ்வளவு துணிச்சல் எவனுக்கும் இருந்ததில்லை. உண்மையைச் சொல்றியா, ஸ்டேஷனுக்கு வர்றியா?"

திறந்து கிடந்த மிஷினைப் பார்த்த ஓபியோரா கையெடுத்துக் கும்பிட்டான்.

"சார், மோட்டார் வேற மிஷினோடது. டிரம் குப்பையில எடுத்தது. ஒயரெல்லாம் நானே ஒட்டுப் போட்டது. ஸ்டார் ஸ்டிக்கர் பழைய ஃபிரிட்ஜுல உரிச்சது. எல்லாத்தையும் ஒத்துக்கறேன். ஆனா ஆண்டவர் மேல சத்தியமா, அந்தச் சிமெண்டை மட்டும் நான் வைக்கல சார்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பிடிபட்டதுக்கு அப்புறமும் புளுகறான் பாருங்க!" என்றாள் இசோக்கென். பணம் முழுசாகத் திரும்பி வந்தது. கணவன் இனி எப்படிச் சிரிக்கிறான் பார்க்கலாம் என்று தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தாள். சிமெண்ட் வைத்த குற்றத்துக்காக ஓபியோரா ஜீப்பில் ஏற்றப்பட்டான்.

சுற்றுகிற வேகத்தில் மிஷின் குதித்து ஆடாமல் இருக்க, தயாரித்தவர்களே உள்ளே வைத்து அனுப்பும் அந்தச் சிமெண்ட் கட்டிதான், அதில் மிச்சமிருந்த ஒரே அசல் சாமான்.