நாணும் நாணலும்

"நாண்ல அம்பு மாட்டுற இடத்துல சின்னதா ஒரு லூப் கட்டிட்டா போதும். இழுக்குற கைக்கொக்கி நாணைத் திருகாது, ஒண்ணுகூடத் தப்பாது" என்றான் சிபி. அவன் வில்லில் லூப் இருந்தது; அவன் அம்பு தப்பி யாரும் பார்த்ததில்லை. நிரோஷா கப்பி வைத்த தன் காம்பவுண்ட் வில்லை மடியில் வைத்து, லூப் இல்லாத நாணைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்புகள் இலக்கைத் தாண்டி நாணல் புதருக்குள் விழும். தேட அவனும் கூட வருவான். உள்ளே போனதும் மைதானத்தின் சத்தம் நின்றுவிடும். நாணல் பூவின் வெள்ளைப் பஞ்சு தோளில் வந்து ஒட்டும். எதைத் தேடுகிறோம் என்பதே இருவருக்கும் மறந்துபோக, வெயில் மட்டும் மெல்ல இடம் மாறிக்கொண்டிருக்கும். ஆனால் அடுத்த மாதம் மாநில அணிக்குத் தேர்வு.

"கட்டவா?"

"ம், கட்டுங்க."

பச்சைக் கயிற்றை வளைத்து முடிச்சை இறுக்கினான். அவள் இழுத்து விட்டாள். அம்பு மஞ்சள் வட்டத்தின் நடுவில் போய் நின்றது. அடுத்ததும் அங்கேயே. அவள் நாணலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிபி தன் வில்லை எடுத்து, நெடுநேரம் குறி பார்த்தான். அம்பு இலக்குக்கு ஒரு முழம் மேலே பறந்து நாணலுக்குள் மறைந்தது.

"தப்பிடுச்சு" என்றான், வில்லைக் கீழே வைத்துவிட்டு. "தேட வர்றீங்களா?"