கண் எடுத்தால் அணையும் விளக்கு

பிரிஸ்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன் டெரிக், மூன்று வருடம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு வருகிறான். அவன் தெருவில் திரும்பும்போதே வீட்டு முகப்பில் சீரியல் லைட் மின்ன வேண்டும்.

ஆனால் தூத்துக்குடியின் மற்ற வீடுகளைப் போலவே அந்த வீடும் இப்போது தீக்குப் பயந்து தன்னைத் தானே காவல் காத்தது. சுவரில் பதித்த கேமரா வழியே கவனித்து, யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால்தான் சீரியல் லைட்டுக்குக் கரண்ட் விடும். கண்ணை எடுத்தால் உடனே அணைத்துவிடும். பிரிஸ்கா அடுப்படிக்கு ஓடும்போதெல்லாம் முகப்பு இருண்டது.

"நீ போய்க் கறியக் கிண்டு. நான் பாத்துக்கிடுதேன்," என்றார் கணவர் கஸ்பார். முகப்பைப் பார்த்து, தெருவுக்கு முதுகைக் காட்டி முன்முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மகன் முகத்தைப் பார்க்காமலிருக்க அவருக்கு அது வசதி என்று அவளுக்குப் புரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. பிரிஸ்கா மசாலாக் கையோடு ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டாள். கஸ்பார் திரும்பவில்லை. விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக எரிந்தன.

"நல்லாருக்கீங்களாப்பா?"

டெரிக் அப்பாவின் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல் பையைக் கீழே வைத்தான்.

"லைட்டு அழகா இருக்குப்பா," என்றான். குரல் உடைந்தது.

சட்டென்று முகப்பு முழுவதும் அணைந்தது.

"ஏம்ல இப்பிடி மெலிஞ்சு போயிட்ட?" என்றார் கஸ்பார்.